கொரியத் தீர்மானமும் நான் பேசிய ஏற்புரையும்

அன்புள்ள நிவேதன்,

நான் இளையதம்பி தயாபரன். வயது ஐம்பது. டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவில் ஓர் இயந்திர உதிரிப்பாகத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பொறியியலாளனாக இருக்கிறேன். உன் தகப்பன். மகனுக்கு எழுதும் கடிதத்தில் இந்த விபரங்கள் எதற்கு என்று நீ சிரிப்பாய். இக்கடிதம் உனக்கு மட்டும் உரியதன்று. நம் தமிழ்ச் சங்கத்தின் இணையப் பக்கத்தில், என் பேச்சின் காணொளி எங்கே இருக்கிறதோ அதற்கு நேர் கீழே, இதையும் வெளியிடும்படி கேட்டிருக்கிறேன். பொது மேடையில் செய்த பிழையை வீட்டுக் குசினியில் வைத்துத் திருத்த முடியாது. உன் பாராட்டு விழாவில் உன் பெயரால் நான் கொடுத்த உறுதிமொழியை, அதைக் கைதட்டி வரவேற்ற அதே சபையின் முன்னிலையில் திரும்பப் பெறுவதே இக்கடிதத்தின் நோக்கம். அந்த உறுதிமொழியோடு சேர்த்து வேறு சிலவற்றையும் நான் திரும்பப் பெறுவேன் என்று நீ எதிர்பார்த்தால், ஏமாந்து போவாய்.

வாசிப்பவர்கள் எல்லோருக்கும் எல்லாம் தெரியாது. ஆகவே நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். சென்ற தேர்தலில் நீ நம் மேற்கு யூட்லாந்துத் தொகுதியில் நின்று தோற்றாய். உன் கட்சியில் தோற்றவர்களுக்குள் கூடுதலான வாக்கைப் பெற்றவன் என்பதால் முதற் பதில் உறுப்பினன் ஆனாய். இந்த வசந்தத்தில் உங்கள் உறுப்பினர் மகப்பேற்று விடுமுறையில் போக, அவருடைய இருக்கையும், வெளிநாட்டலுவல் குழுவில் அவருக்கிருந்த இடமும் உன்னிடம் வந்தன. நீ போய் அமர்ந்த அதே வாரத்தில் அரசு ஒரு தீர்மான வரைவைச் சபையில் வைத்தது. கொரியத் தீபகற்பத்தில் போர்நிறுத்தத்தைப் பார்த்துக்கொள்ளும் பன்னாட்டுக் கட்டளைப் பீடத்துக்குச் சில டெனிஷ் அதிகாரிகளையும், அந்தக் கடற்பகுதிக்கு ஒரு போர்க்கப்பலையும் அனுப்பச் சபையின் சம்மதம் வேண்டும் என்பதே அதன் சாரம். முதலாம் வாசிப்பு முடிந்துவிட்டது. பெரிய கட்சிகள் எல்லாம் ஆதரிக்கின்றன. இரண்டாம் வாசிப்பும் வாக்கெடுப்பும் வருகிற வியாழக்கிழமை. பாராளுமன்றத்தில் நீ அழுத்தப்போகும் முதல் முக்கியமான பொத்தான் அது: ஆதரவுக்குப் பச்சை, எதிர்ப்புக்குச் சிவப்பு, நடுநிலைக்கு மஞ்சள்.

அந்த வரைவை நான் முழுவதும் வாசித்தேன். பின்னிணைப்பையும் வாசித்தேன். நான் நட்பு நாடுகளின் கூட்டுக்கு எதிரானவன் அல்லன் என்பதை நீ அறிவாய். பெரிய அயலவர்களுக்கு நடுவில் இருக்கும் சிறிய நாடு, தனக்கு ஆபத்து வரும் நாளில் மற்றவர்கள் வரவேண்டும் என்று விரும்பினால், மற்றவர்களுக்கு ஆபத்து உள்ள இடத்துக்குத் தானும் போகத்தான் வேண்டும். வெளிநாட்டு விடயங்களில் இந்நாட்டின் கட்சிகள் தம்முள் ஒத்துப்போவதற்கும் நியாயம் உண்டு. தேர்தலுக்குத் தேர்தல் நாட்டின் சொல் மாறினால் யார் நம்புவார்கள்? இதையெல்லாம் ஒப்புக்கொண்டுதான் வாசித்தேன். போர்நிறுத்தம் நிலைத்திருக்கும் வரை நம்மவர்கள் அங்கே என்ன செய்வார்கள் என்பதை அந்த வரைவு மிகத் தெளிவாகச் சொல்கிறது. போர்நிறுத்தம் முறிந்தால் என்ன என்பதற்கு ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கிறது. நிலைமை கணிசமாக மாறினால் அரசு உரிய முறையில் பாராளுமன்றத்துக்கு அறியத்தரும் என்பது அந்த வாக்கியம். அறியத்தருவது வேறு, சம்மதம் கேட்பது வேறு. ஒரு பாகம் எந்த அழுத்தத்தில் உடையும் என்று பார்ப்பது என் தொழில். அது உடையாது என்று நம்புவதற்கு எனக்கு எவரும் சம்பளம் தருவதில்லை. கொரியாவில் இருப்பது சமாதான ஒப்பந்தம் அன்று. நான் பிறப்பதற்கு முன்னே கையெழுத்தான, இன்னும் சமாதானமாக மாறாத ஒரு போர்நிறுத்தம். அப்படியான ஒன்றின் மேல் ஆட்களை நிறுத்தும்போது, முறிந்தால் என்ன என்ற கேள்வியே முதற் கேள்வியாக இருக்க வேண்டும்.

முதலாம் வாசிப்புக்கும் இரண்டாம் வாசிப்புக்கும் இடையில் உன் குழுவின் எந்த உறுப்பினரும் அமைச்சரிடம் எழுத்தில் கேள்வி கேட்கலாம். அமைச்சர் பதில் சொல்லியே ஆகவேண்டும். கேள்வியும் பதிலும் பாராளுமன்றத்தின் இணையப் பக்கத்தில் எவரும் பார்க்கக்கூடியதாக வரும். வேலை முடிந்து வந்ததும் தேத்தண்ணீர்க் கோப்பையோடு அந்தப் பக்கத்தைத் திறப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. கப்பலின் செலவைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். கடற்படையினரின் விடுமுறை பற்றி இன்னொருவர் கேட்டிருந்தார். உன் பெயரில் எதுவும் வரவில்லை. உன் அம்மா பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சோதினை முடிவு பாக்கிற மாதிரி ஒவ்வொரு நாளும் பாக்கிறியள். பெடியன் பாஸோ பெயிலோ?" எனக்குச் சினம் ஏறிக்கொண்டிருந்தது. ஏனென்றால் அந்தக் கேள்வியை உன்னால் கேட்க முடியும் என்று எனக்குத் தெரியும். ஆறு வயதில் நீ அதைக் கேட்டிருக்கிறாய்.

உனக்கு அது மறந்திருக்கலாம். நம் ஊரில் போர்நிறுத்தம் இருந்த காலத்தில், பாதை திறந்தவுடன், உன்னைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போனோம். கொடிகாமத்தில் ஒரு கடை வாசலில் எங்கள் வான் வண்டி நின்றது. உனக்குச் சோடா வாங்க நான் இறங்கினேன். பக்கத்தில் ஒரு வெள்ளை வாகனம். அதன் அருகே, கையில் பட்டி கட்டிய ஒரு வெள்ளைக்காரர் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார். நோர்டிக் நாடுகள் அனுப்பிய போர்நிறுத்தக் கண்காணிப்பாளர்களில் ஒருவர். அவர் கதைத்தது டெனிஷ். நீ என் கையை உதறிவிட்டு அவரிடம் போய், இது உங்களுடைய காரா என்று டெனிஷில் கேட்டாய். அந்த மனிதர் தொலைபேசியைக் காதில் இருந்து எடுத்துவிட்டு உன்னை வெறித்துப் பார்த்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நீ எங்கேயிருந்து வருகிறாய் என்று கேட்டார். ஹொல்ஸ்டெப்ரோ என்றாய். அவர் அந்த வெயிலில் குந்தியிருந்து வயிறு குலுங்கச் சிரித்தார். தான் அதற்குப் பக்கத்து விபோர்க் என்றார். பிறகு நீ விசாரணையைத் தொடங்கினாய். இங்கே என்ன வேலை செய்கிறீர்கள்? பார்த்து எழுதுகிறேன். ஆட்கள் அடிபட்டால் போய் விலக்குவீர்களா? இல்லை, யார் முதலில் அடித்தார் என்று எழுதுவேன். அதற்குப் பிறகு? அவர் உன் தலையைத் தடவிவிட்டு எழுந்தார். கடைக்கார அண்ணை என்னிடம் கேட்டார்: "தம்பி, பெடியன் வெள்ளையோட என்ன கதைக்கிறான்?" நான் சொன்னேன்: "சண்டை வந்தா என்ன செய்வியள் எண்டு கேக்கிறான் அண்ணை." அவர் சோடாவைத் திறந்துகொண்டே சொன்னார்: "நாங்களும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறம். அந்தாள் சொன்னா எனக்கும் வந்து சொல்லும்."

அந்தக் கேள்விக்குரிய பதில் சில ஆண்டுகளில் வந்தது. பிரசல்ஸில் ஐரோப்பிய அமைச்சர்கள் கூடி, நம் ஊர்ப் போரின் ஒரு தரப்பைத் தடைப்பட்டியலில் சேர்த்தார்கள். அதற்கு அவர்கள் காட்டிய காரணங்கள் இருந்தன. அவை சரியா பிழையா என்று சங்கத்தில் மேசையில் அடித்து வாதாடியவர்கள் இருக்கிறார்கள், இங்கே அதற்குள் நான் போகவில்லை. எனக்கு வேண்டியது அதன் அடுத்த படி. பட்டியலிட்ட நாடுகளின் ஆட்கள் இனி நடுநிலையாளர் அல்லர் என்று அந்தத் தரப்பு சொன்னது. டென்மார்க்கின் கண்காணிப்பாளர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். விபோர்க்காரரும் அதற்கு முன்போ அப்போதோ போயிருப்பார். போர்நிறுத்தக் கோட்டில் பார்த்து எழுத ஆட்கள் குறைந்தார்கள். பிறகு பார்ப்பதற்குக் கோடே இருக்கவில்லை. ஓர் அறையில் எடுத்த முடிவு இன்னோர் இடத்தில் நின்ற டெனிஷ்காரரின் காலடி நிலத்தை எடுத்துவிட்டது. அப்படி ஆகக்கூடும் என்று அந்த அறையில் எவராவது கேட்டார்களா? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. இந்நாட்டிலும், முக்கியமான வெளிநாட்டு முடிவுகளுக்கு முன் அரசு கலந்து பேசவேண்டிய குழு ஒன்றை அரசியலமைப்பே ஏற்படுத்தியிருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அதன் கதவு மூடியது. உள்ளே கேட்டவர் வெளியே சொல்லமுடியாது. அதனால்தான் திறந்த சபையில், எழுத்தில், பெயரோடு கேட்கப்படும் கேள்விக்கு நான் இவ்வளவு மதிப்புக் கொடுக்கிறேன்.

ஒரு பதில் உறுப்பினனால் என்னத்தைச் செய்ய முடியும் என்று ஈஸ்டர் விடுமுறைக்கு வந்தபோது கேட்டாய். சட்டம் இயற்றுபவர்கள் வெளிநாட்டுக் கொள்கையைப் பெரும்பாலும் ஒற்றை வாக்கியங்களால்தான் வளைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் படைகளுக்குத் தளபதி சனாதிபதி. ஆயினும் அவர்களுடைய சட்டமன்றம், பாதுகாப்புச் செலவுக்கு அனுமதி கொடுக்கும் நீண்ட சட்டத்துக்குள் சில ஆண்டுகளில் ஒரு வாக்கியத்தைச் செருகி வைத்தது. கொரியாவில் உள்ள படையை இன்ன அளவுக்குக் கீழே குறைப்பதற்கு, இன்ன உறுதியைச் சபைக்குத் தராமல், இந்தப் பணத்தைப் பயன்படுத்தக்கூடாது என்பது அது. அந்த வாக்கியத்தைச் சியோலிலும் வாசித்தார்கள், பியொங்யாங்கிலும் வாசித்திருப்பார்கள். தென்கொரியாவிலும் தம் படையை வெளிநாட்டுக்கு அனுப்பத் தேசிய சபையின் சம்மதம் வேண்டும் என்று அவர்களுடைய அரசியலமைப்பு சொல்கிறது. அந்த மக்கள் தங்களுக்கு வைத்திருக்கும் விதியை, அவர்களிடம் ஆட்களை அனுப்பும் நாம் நமக்கு வைத்துக்கொள்வதில் என்ன மரியாதைக் குறைவு? இந்த நாடு முன்பு ஒரு முறை கொரியாவுக்கு எதை அனுப்பியது என்று உன் வகுப்பில் படித்திருக்கிறாய். வெள்ளை நிற மருத்துவமனைக் கப்பல். நட்பு நாடுகள் துணை கேட்ட நேரத்தில், எதை அனுப்புவது, எதை அனுப்பாமல் விடுவது என்று இங்கே யோசித்திருக்கிறார்கள். யோசித்து அனுப்பியதால் கூட்டு முறிந்துபோகவில்லை. இன்றுவரை அதைப் பெருமையாகத்தான் சொல்கிறார்கள்.

இவ்வளவையும் நான் உன்னிடம் நேரே சொல்லியிருக்க வேண்டும். சொன்ன இடம் வேறு. சங்கத்தின் தலைவர் செல்வரத்தினம் அண்ணை உனக்குப் பாராட்டு விழா வைக்கவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். "எங்கட பெடியன் ஒருத்தன் கிறிஸ்தியன்ஸ்போர்க் பாராளுமன்றத்தில குந்தியிருக்கிறான், ஒரு பொன்னாடை போர்க்காமல் விட்டா சனம் என்ன சொல்லும்?" என்றார். பாடசாலை மண்டபம் எடுத்தாயிற்று. கோல்டிங்கில் இருந்தும் ஆட்கள் வந்தார்கள். நிகழ்ச்சி நிரலைத் தயாரித்தவன் நான். வரவேற்புரை, வாழ்த்துரைகள், பொன்னாடை, ஏற்புரை. சங்கத்தின் யாப்பை, அதாவது விதிக்கோவையை, எழுதிய நாளில் இருந்து எனக்கு யாப்பர் என்று பட்டம் வைத்திருக்கிறார்கள். நிறைவெண் காணாது, ஆட்கள் போதாது என்று சொல்லிப் பொதுக்கூட்டத்தை நிறுத்தி வைத்து, சமையலறையில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தவரைக் கையைக் கழுவிவிட்டு வரச்சொன்னவன் நான். அப்படிப்பட்டவன் தயாரித்த நிரல், கடைசி உருப்படியில் குலைந்தது. விழா தொடங்கியபின் உன் செய்தி வந்தது. கட்சிக் குழுக் கூட்டம் நீண்டுவிட்டது, ரயிலைத் தவறவிட்டேன், மன்னிக்கவும் என்று.

விழாநாயகன் வராவிட்டால் தகப்பன் மேடையேறிப் பொன்னாடையை வாங்கி இரண்டு வார்த்தை சொல்வது நம்மவர் வழக்கம். அரங்கேற்றத்துக்கு வரமுடியாத பிள்ளைக்கு, பட்டமளிப்புக்குப் போகமுடியாத பிள்ளைக்கு எல்லாம் இப்படித்தான் நடந்திருக்கிறது. எவரும் அதைப் பிழையென்று நினைத்ததில்லை, நானும் நினைக்கவில்லை. செல்வண்ணை என் தோளில் போர்த்துவிட்டு ஒலிவாங்கியை என் கையில் தராமல் தன் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்: "தயா, இந்தக் கொரியா விசயத்தில தம்பி என்ன செய்யப்போறான்? சனத்துக்குச் சொல்லும்." நிகழ்ச்சி நிரலில் கேள்வி நேரம் இருக்கவில்லை. அதைச் சொல்லி நான் இறங்கியிருக்கலாம். நான் ஒலிவாங்கியை வாங்கினேன். "போர்நிறுத்தம் எண்டால் என்னெண்டு தெரிஞ்ச வீட்டில இருந்து அந்தச் சபைக்குப் போனவன் என்ர மகன். முறிஞ்சால் என்ன எண்டு அமைச்சர் எழுத்தில பதில் சொல்லாமல், அவன் பச்சையை அழுத்தமாட்டான். இதை நான் உங்களுக்கு உறுதியாச் சொல்லுறன்" என்றேன். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். யாப்பருக்கு விசில்! உன் அம்மாவும் நானும் காரில் வீட்டுக்கு வந்தோம். கார்க் கதவைத் திறந்து இறங்கும்போது அவள் கேட்டாள்: "அவனைக் கேட்டனீங்களோ?"

நம் இளையோர் அணி நல்ல பிள்ளைகள். பேச்சைக் காணொளியாகப் போட்டார்கள். தமிழ் விளங்காத தங்கள் நண்பர்களுக்காக டெனிஷ் எழுத்துகளையும் கீழே ஓடவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை நீ தொலைபேசி எடுத்தாய். "ஃபார்" என்று தொடங்கினாய். கோபம் வந்தால் மட்டுமே நீ என்னை அப்படி டெனிஷில் அழைப்பாய். அது நீங்கள் சொல்லவேண்டிய விடயம் அல்ல என்று அந்த மொழியிலேயே சொல்லிவிட்டு வைத்தாய். எனக்கு ரோசம் வந்தது. கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்காமல் இருந்துகொண்டு, கேட்டவன்மேல் பாய்கிறானே என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவைப் பார்க்க வந்து, மத்தியானச் சாப்பாடு முடியும் வரை என்னோடு உப்பைத் தாருங்கோ, தண்ணியைத் தாருங்கோ என்பதற்கு மேல் கதைக்கவில்லை. உன்னை ரயிலடிக்குக் கொண்டுபோய் விட்டவன் நான்தான். காரில் நான்தான் தொடங்கினேன்.

"குழுவில நீ ஒரு கேள்விகூடக் கேக்கேல்லை. நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறன்."

"நீங்கள் கேக்கச் சொன்ன கேள்வியை நான் எப்பவோ எழுதிட்டன் அப்பா."

"அப்ப ஏன் வரேல்லை?"

"எழுதி எங்கட கட்சிப் பேச்சாளரிட்டக் குடுத்தனான். அவவுக்கும் பிடிச்சது. இது அரசை எதிர்க்கிற கேள்வி இல்லை, நல்ல கேள்வி எண்டு சொன்னவ. புதன்கிழமை அனுப்புறதா இருந்தது. செவ்வாய்க்கிழமை உங்கட வீடியோ வந்தது."

நான் வாகனத்தை மெதுவாக்கினேன். நீ கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாய்: "மொழிபெயர்ப்பில ஒரு பிழையும் இல்லை. எங்கட கட்சிக் குழுவில எல்லாரும் பாத்தவை. இப்ப நீ அந்தக் கேள்வியைக் கேட்டா, அது கொரியாவைப் பற்றின கேள்வி இல்லை, உங்கட ஆக்கள் தந்துவிட்ட கேள்வி எண்டுதான் பத்திரிகை எழுதும், விடு எண்டு சொல்லிப்போட்டினம்."

"விசர்க்கதை. கொரியாவுக்கும் எங்கட சங்கத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"அதைத்தான் அவையும் கேட்டவை, அப்பா."

ரயிலடி வந்துவிட்டது. நீ இறங்கிப் பையை எடுத்துக்கொண்டு, "கவனமா காரை ஓடுங்கோ" என்று சொன்னாய். நான் தலையாட்டினேன். திரும்பி வரும் வழியில் ஒரு சுற்றுவட்டத்தில் போகவேண்டிய கிளையை விட்டுவிட்டு மறுபடியும் சுற்றினேன். இருபது வருடமாக ஓடும் பாதை அது.

அன்றிலிருந்து எனக்கு யார் மேல் கோபம் என்று ஒழுங்காகப் பிரித்துப் பார்க்க முயல்கிறேன். முதலில் உன் கட்சிக் குழுவின் மேல். ஒரு கேள்வி செவ்வாய்க்கிழமை காலையில் நல்லதாக இருந்தால் மாலையிலும் நல்லதுதான். கேட்பவனின் தகப்பன் யார், அவன் எந்த மேடையில் நின்றான் என்பதெல்லாம் கேள்வியின் தரத்தை மாற்றாது. யூட்லாந்து மீனவனின் மகன் மீன்பிடி பற்றிக் கேட்டால் அனுபவசாலி என்கிறார்கள். போர்நிறுத்தத்தைப் பார்த்த குடும்பத்தின் மகன் போர்நிறுத்தத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் தூதுவன் என்று சந்தேகிப்பது எந்த ஊர் நியாயம்? உன் மேலும் எனக்குக் கோபம் உண்டு. விடு என்றார்கள், விட்டுவிட்டாய். பேச்சாளர்கள் பேசி முடித்தபின் எந்த உறுப்பினரும் எழுந்து குறுங்குறிப்பாக ஒரு கேள்வி கேட்கலாம் என்பதை எனக்குச் சொல்லித் தந்தவனே நீதான். இனி என் மேல். நட்பு நாடுகள் நம் ஆட்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை எவரும் நம்மைக் கேட்காமல் முடிவு செய்யக்கூடாது என்பதற்காகத்தான் மேடையில் முழங்கினேன். அந்த மேடையிலேயே, உன்னைக் கேட்காமல், உன் விரல் எந்தப் பொத்தானில் நிற்கும் என்று முடிவு செய்தேன். உன் அம்மா காரை விட்டு இறங்கும்போது இதை ஒரே வசனத்தில் சொல்லிவிட்டாள். எனக்குத்தான் விளங்க இவ்வளவு நாள் எடுத்தது.

ஞாயிறு மாலை நான் அரசியலமைப்பை எடுத்துப் பார்த்தேன். கட்சிக்கு எதிராக உனக்கு ஓர் ஆயுதம் தேடித் தரலாம் என்றுதான் திறந்தேன், அதை மறைக்கவில்லை. உறுப்பினர்களைக் கட்டுப்படுத்துவது அவர்களுடைய மனச்சாட்சி மட்டுமே என்ற பிரிவைக் கண்டவுடன் மகிழ்ந்தேன். இதோ, கட்சிக் குழு உன்னைக் கட்டமுடியாது என்று உனக்குச் செய்தி அனுப்பக் கைபேசியையும் எடுத்தேன். பிறகு மிச்சத்தை வாசித்தேன். வாக்காளர்கள் தரும் எந்த அறிவுறுத்தலும் அவர்களைக் கட்டாது என்று அதே வாக்கியம் தொடர்ந்து சொல்கிறது. நான் மேற்கு யூட்லாந்துத் தொகுதியின் வாக்காளன். உனக்குத்தான் வாக்களித்தேன். ஆகவே அந்தப் பிரிவு கட்சிப் பேச்சாளரைத் தடுப்பதற்கு முன்னால், பெயர் சொல்லாமல், என்னைத்தான் தடுக்கிறது. ஆயுளெல்லாம் விதியைக் காட்டி மற்றவர்களை எழுப்பியும் இருத்தியும் வந்த எனக்கு, விதி திரும்பி என்னைப் பார்த்து இரும் என்று சொன்ன முதல் நாள் அது. கைபேசியை வைத்தேன். ஆறுதல் எதுவும் வந்துவிடவில்லை. சினம் இருந்தபடியே இருக்கிறது, அதை உன் மேல் ஏவும் அதிகாரம்தான் இல்லாமல் போயிற்று.

ஆகவே இதை எழுத்தில் பதிகிறேன். பாராட்டு விழாவில் நான் சொன்ன உறுதிமொழி நிவேதனுடையதன்று. அதைச் சொல்ல அவன் எனக்கு அதிகாரம் தரவில்லை, நான் கேட்கவும் இல்லை. அவன் எந்த நிறத்தை அழுத்தினாலும் அவன் எவருக்கும் சொல் தவறியவன் ஆகமாட்டான். சங்கத்தவர் எவராவது வெள்ளிக்கிழமை அவனிடம் கணக்குக் கேட்டால், அந்தக் கணக்கு என்னுடையது. என்னிடம் வரட்டும். அதேவேளை, கேள்வியை நான் திரும்பப் பெறவில்லை. போர்நிறுத்தம் முறிந்தால் அங்கே நிற்கும் டெனிஷ் இளைஞர்களுக்கு என்ன வேலை, அதை யார், எந்தச் சபையில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தீர்மானிப்பது? இது தயாபரனின் கேள்வியாக இருப்பதால் கெட்டுப்போகும் என்றால், இதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். கப்பலின் செலவைக் கேட்டவர் கேட்கட்டும். உன் கட்சிப் பேச்சாளரே கேட்கட்டும். கொடிகாமத்தில் சோடாவுக்கு முன் நின்று அதைக் கேட்ட பிள்ளையே மறுபடி கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி. அதை நான் இனிச் சொல்லப்போவதில்லை.

இனி நான் செய்யப்போவது இது. நாளை வேலை முடிந்ததும் பொன்னாடையைச் செல்வண்ணையிடம் திருப்பிக் கொடுப்பேன். அவர், "விசரோ தயா, போர்த்ததை ஆரும் திருப்பித் தருவினமோ?" என்பார். அதற்குரிய ஆள் வந்து வாங்கட்டும், அல்லது வேண்டாம் என்று சொல்லட்டும் என்பேன். வியாழக்கிழமை விடுமுறை எடுத்துவிட்டேன். காலை ரயிலில் கோபன்ஹேகன் வருவேன். உன்னைக் காண உன் அறைக்கு வரமாட்டேன், செய்தியும் அனுப்பமாட்டேன். பொதுமக்களுக்கான வாசலால் வந்து, சோதனையைக் கடந்து, பார்வையாளர் மாடத்தில் அமர்வேன். அங்கே இருப்பவர்கள் கைதட்டக்கூடாது, குரல் எழுப்பக்கூடாது, ஆதரவையோ எதிர்ப்பையோ எவ்விதத்திலும் காட்டக்கூடாது என்பது விதி. உன் அம்மாவிடம் இதைச் சொன்னேன். "நீங்கள் வாக்கெடுப்பு முடியுமட்டும் வாயைத் திறக்காமல் இருப்பியளோ? அதைப் பாக்கவே நானும் வாறன்" என்றாள். அவளுக்கும் பயணச்சீட்டு எடுத்துவிட்டேன். சபைத் தலைவர் மணியடித்து, பலகையில் பச்சையும் சிவப்பும் மஞ்சளும் ஏறத் தொடங்கும்போது நான் உன் விரலைப் பார்க்கமாட்டேன். தலையை மேலும் கீழும் ஆட்டமாட்டேன், இடமும் வலமும் ஆட்டமாட்டேன். கையைக் கட்டிக்கொண்டு, மற்றவர்களைப்போல, முடிவு வரும்வரை இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா